மேச்சேரி ஆடும் தர்மபுரிப் பருவமும்: கேள்வி-பதில்

கே: இருபது செம்மறி வாங்கிப் பட்டி போடலாம் என்று ஆசை. இரண்டு ஏக்கர் மானாவாரி, ஒரு கிணறு, பக்கத்தில் ஏரிப் புறம்போக்கு. எந்த இனம் வாங்கலாம்? — நல்லம்பள்ளி

ப: மேச்சேரி. தொப்பூர் கணவாய் இறங்கி மேட்டூர் சாலையைப் பிடித்தால் அந்த ஆடு பிறந்த ஊரே வந்துவிடும். சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் பரவி, நம் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தையும் தொட்டு நிற்கிற இனம் அது. உங்கள் தாத்தா மயிலம்பாடி ஆடு என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னதும் இதைத்தான். வெளிர்பழுப்பு உடம்பு, கிடாவுக்கும் கொம்பில்லை, பெட்டைக்கும் கொம்பில்லை, மேலே கம்பளியில்லாமல் முடி மட்டும், மெலிந்த குட்டை வால். வளர்ந்த பெட்டை சுமார் 22 கிலோ, கிடா சுமார் 35 கிலோ. நல்ல மேய்ச்சலில் இன்னும் ஏறும்.

எடை குறைச்சல் என்று முகம் சுளிக்காதீர்கள். உங்கள் கேள்விக்குப் பதிலே அந்த 22 கிலோவில்தான் இருக்கிறது. ஒரு செம்மறிக்கு அதன் எடையில் நூற்றுக்கு மூன்றரை பங்கு அளவுக்காவது காய்ந்த கணக்கில் தீவனம் தினமும் வேண்டும். மேச்சேரிப் பெட்டைக்கு அது முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். இருபது உருப்படிக்கு நாளைக்கு 16 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 480 கிலோ. கடலைக்கொடி, கேழ்வரகுத் தாள், கொள்ளுப் பொட்டு, புறம்போக்கு மேய்ச்சல் எல்லாம் சேர்ந்தால் உங்கள் நிலத்துக்கு எட்டும் கணக்கு இது. 40 கிலோ பெட்டையை வாங்கிக் கட்டினால் அதே இருபது ஆடு பங்குனியிலேயே வைக்கோல் போரைக் காலி செய்துவிடும்.

கே: மானியம் 100 ஆட்டுக்குத்தானாமே. இருபதோடு நிற்பது ஏமாளித்தனம் என்கிறார் என் மைத்துனர். — காரிமங்கலம்

ப: மானியம் ஒரு தடவை வரும். தீவனம் தினமும் வேண்டும். தேசிய கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டம் 100 பெட்டை, 5 கிடா என்று தொடங்குகிறது, செலவில் பாதி மானியம். தீவன நிலமும் தண்ணீரும் ஆள்பலமும் உள்ளவருக்கு அது நல்ல திட்டம். ஆனால் 100 பெட்டைக்கு நாளொன்றுக்கு 80 கிலோ காய்ந்த தீவனம், அதில் கிடாக்களையும் குட்டிகளையும் சேர்க்கவில்லை. மைத்துனரிடம் அந்த 80 கிலோ சித்திரை மாதத்தில் எங்கிருந்து வரும் என்று மட்டும் கேளுங்கள். அவர் இடத்தைக் காட்டினால் துணிந்து இறங்கலாம்.

கே: சந்தையில் எல்லாரும் மேச்சேரி என்றுதான் விற்கிறார்கள். அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? — பாலக்கோடு

ப: முதலில் காதைப் பாருங்கள். மேச்சேரிக்கு நடுத்தரக் காது. நீண்டு தொங்கினால் நெல்லூர் கலந்திருக்கிறது. அடுத்து கால். நெல்லூர் ஆடு இந்தியச் செம்மறிகளிலேயே உயரமானது, அதன் ரத்தம் கலந்தால் கால் காட்டிக்கொடுக்கும். கொம்பு முழுசாக வளைந்து நிற்கிற கிடாவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்டை வாங்கும்போது முடிந்தால் அதன் தாயையும் காட்டச் சொல்லுங்கள். பட்டியிலேயே போய் வாங்கினால் இது நடக்கும், சந்தையில் நடக்காது.

பிறகு பல். செம்மறிக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான், மேலே வெறும் ஈறு. எட்டும் பால்பல்லாக இருந்தால் ஒரு வயதுக்கு உட்பட்டது. நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒன்று, ஒன்றரை வயது. நாலு பல் என்றால் இரண்டு. ஆறு பல் என்றால் மூன்றை நெருங்குகிறது. எட்டும் நிரம்பிக் கடை சேர்ந்துவிட்டால் நாலு வயது. தொடங்குகிறவர் ரெண்டு பல், நாலு பல் பெட்டைகளாகப் பாருங்கள். நல்லம்பள்ளி செவ்வாய்ச் சந்தையோ மேச்சேரி புதன் சந்தையோ, எங்கே வாங்கினாலும் பட்டியில் ஏற்கெனவே இருக்கிற ஆடுகளோடு மூன்று வாரம் சேர்க்காதீர்கள். சந்தையில் நோயும் விற்பனைக்கு வரும், அதற்கு விலை சொல்ல மாட்டார்கள்.

கே: பத்துப் பெட்டை இருக்கிறது. குட்டி பெரிதாக வர ஒரே ஒரு நெல்லூர் கிடா மட்டும் விடலாம் என்று தரகர் சொல்கிறார். ஒன்று விட்டால் என்ன ஆகிவிடும்? — பென்னாகரம்

ப: பட்டியே மாறிவிடும். பெட்டை பத்து என்றாலும், பிறக்கிற ஒவ்வொரு குட்டியிலும் பாதி அந்த ஒரு கிடாதான். கணக்குப் போடுங்கள். முதல் தலைமுறைக் குட்டியில் மேச்சேரி பாதி. அந்தப் பெட்டைக் குட்டிகளை வைத்துக்கொண்டு மறுபடி வெளிக்கிடா விட்டால் கால் பங்கு. மூன்றாம் முறை அரைக்கால். ஒரு பெட்டை ஒன்றரை வயது தாண்டிக் குட்டி போடும் என்று வைத்தால், ஐந்தாறு வருஷத்தில் எட்டில் ஏழு பங்கு இனம் போய்விடும். எத்தனையோ தலைமுறை மேய்ப்பர்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது அந்தக் காலத்துக்குள் கரைந்துபோகும்.

முதல் குட்டி பெரிதாக வரும், அதை நான் மறுக்கவில்லை. தரகர் அந்தக் குட்டியைத்தான் பார்க்கிறார், ஏனென்றால் அவருக்கு வேண்டியது அந்தக் குட்டி. உங்களுக்கு வேண்டியது அடுத்த பத்து வருஷத்துக்கான தாய். பெரிய உடம்புக்குப் பெரிய தீனி வேண்டும். பென்னாகரம் கரட்டில் மத்தியான வெயிலில் நடந்து, காய்ந்த புல்லைக் கடித்து, வந்த இடத்தில் குட்டி போட்டுப் பாலும் கொடுக்கிற தாய், கலப்பில் ஒரே சீராக வருவதில்லை. ஒன்று தாயைப்போல வரும், ஒன்று தகப்பனைப்போல வரும், எதை எப்படி வளர்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்க்க வேண்டிவரும்.

நெல்லூர் மோசமான இனம் என்று சொல்ல வரவில்லை. நெல்லூர் மண்ணில் அது ராஜா. அங்குள்ள மேய்ப்பரும் அதைக் கலக்காமல் காப்பாற்றட்டும் என்றே விரும்புகிறேன். குட்டி பெரிதாக வேண்டும் என்றால் வழி இருக்கிறது: மேச்சேரிக்குள்ளேயே பெரிய கிடாவைத் தேடுங்கள். மூன்று மாத வயதில் தன்னோடு பிறந்தவற்றில் அதிக எடை காட்டிய கிடாக்குட்டி எது என்று கேட்டு வாங்குங்கள். அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. மேட்டூர் வட்டம் பொட்டனேரியில் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் 1978-லிருந்து இயங்குகிறது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பது. பிறந்த எடை, மூன்று மாத எடை, ஆறு மாத எடை என்று எழுதிவைத்துத் தேர்ந்தெடுத்த கிடாக்கள் அங்கே வளர்கின்றன. உங்கள் ஊரிலிருந்து ஒரு காலைப் பயணம்.

கே: ஒரு கிடாவை எத்தனை வருஷம் வைத்துக்கொள்ளலாம்? — பொம்மிடி

ப: இரண்டு வருஷம். அதற்குமேல் அதன் மகள்களே பருவத்துக்கு வந்துவிடும். நல்ல கிடாவை விற்க மனசு வராது, தெரியும். அடுத்த ஊரில் இன்னொரு மேச்சேரிப் பட்டிக்காரரைப் பிடியுங்கள், கிடாவை மாற்றிக்கொள்ளுங்கள். இருவருக்கும் செலவில்லை, ரத்தமும் நெருங்காது. ஒரு கிடா 20, 25 பெட்டைக்குத் தாங்கும்.

கே: எந்த மாதத்தில் சேர்க்கை விடுவது? எங்கள் பட்டியில் கிடா எப்போதும் கூடவே மேய்கிறது. — அரூர்

ப: குளிர்நாட்டுச் செம்மறி பகல் குறையும் மாதங்களில்தான் பருவத்துக்கு வரும். நம் ஊரில் பகலும் இரவும் பெரிதாக மாறாததால் பெட்டை ஆண்டு முழுக்க, 17 நாளைக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். ஆடு தயாராக இருக்கிறது என்பதால் நாமும் கண்டபடி விட்டால் ஐப்பசி அடைமழையில் ஒரு குட்டி, பங்குனி வெயிலில் ஒரு குட்டி என்று பிறந்து, எதுவும் தேறாது.

நான் சொல்வது ஆவணி. ஆடி மழையில் துளிர்த்த புல்லைத் தின்று பெட்டை உடம்பு ஏறியிருக்கும். சேர்க்கைக்கு மூன்று வாரம் முன்பிருந்து நாளைக்கு 200 கிராம் கேழ்வரகோ மக்காச்சோளமோ அடர்தீவனமோ கொடுத்தால் சினை பிடிப்பது கூடும். சினைக்காலம் ஐந்து மாதம், ஆகவே தையில் குட்டி விழும். தையில் நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஐப்பசி, கார்த்திகையில் பிடுங்கிய கடலைக்கொடி, அறுத்து முடித்த கேழ்வரகுத் தாள், அப்போதுதான் அடித்த கொள்ளின் பொட்டு. வருஷத்திலேயே தீவனம் நிறைந்திருக்கும் நேரத்தில் தாய்க்குப் பால் சுரக்கிறது. குட்டி மூன்று மாதம் ஊட்டி முடிக்கும் சித்திரையில் வெள்வேலும் கருவேலும் நெத்து உதிர்க்கும். தொரட்டியோடு போய் உலுக்கி, மூட்டை கட்டி வைப்பவருக்கு அது காசில்லாத அடர்தீவனம்.

சினையின் கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி வயிற்றுக்குள் பெரும்பங்கு வளர்கிறது. அதாவது மார்கழி. அந்த மாதத்தில் தாயின் வாயைக் கட்டினால் தையில் பிறக்கும் குட்டி கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும், பாலும் இருக்காது. ஆவணி, புரட்டாசி தவிர மற்ற மாதங்களில் கிடாவைத் தனியே கட்டுங்கள். கத்தும். கத்தட்டும்.

கே: குட்டி விழுந்ததும் முதல் வேலை என்ன? — கடத்தூர்

ப: மூக்கைத் துடைத்து மூச்சு வரச் செய்வது. தாய் நக்கட்டும், தடுக்காதீர்கள். தொப்புள்கொடியில் அயோடின். பிறகு சீம்பால், ஒரு மணி நேரத்துக்குள். குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும், இரண்டரை கிலோ குட்டிக்குக் கால் லிட்டர். நோயை எதிர்க்கும் சத்து கருவில் இருக்கும்போது குட்டிக்குப் போவதில்லை, எல்லாம் சீம்பால் வழியாகத்தான். முதல் நாளுக்குப் பிறகு குடல் அதை உறிஞ்சிக்கொள்ளாது. சீம்பாலைக் கறந்து வீட்டுக்கு எடுத்துப்போகும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். இருபது பெட்டையில் ஒரு குட்டி இழப்பது பெரிய இழப்பு. தை மாதப் பனியில் கொடாப்புக்குள் காய்ந்த சருகு பரப்பி, மேலே சாக்குப் போட்டு அடையுங்கள்.

கே: புரட்டாசி வந்தால் பட்டியில் இழவு விழாமல் போவதில்லை. மாலையில் நன்றாக மேய்ந்த குட்டி காலையில் செத்துக் கிடக்கிறது. கொழுத்த குட்டியாகப் பார்த்துப் போகிறது. கண்ணேறு என்கிறார் அம்மா. — பாப்பிரெட்டிப்பட்டி

ப: அம்மா கவனித்தது சரி, காரணம் மட்டும் வேறு. கொழுத்த குட்டியாகப் பார்த்துப் போவது துள்ளுமாரி. காய்ந்த சித்திரை, வைகாசி கழிந்து மழை பெய்ததும் இளம்புல் குப்பென்று கிளம்பும். பசித்த குட்டி அதை வயிறு கொள்ளாமல் தின்னும். குடலில் எப்போதும் சும்மா கிடக்கும் ஒரு பாக்டீரியா அந்தச் செழித்த தீனியில் பல்கிப் பெருகி நஞ்சைக் கக்கும். நன்றாகத் தின்கிற குட்டிக்குத்தான் நஞ்சும் அதிகம். துள்ளி விழுந்து வெட்டி இழுத்துச் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், மருத்துவரைக் கூப்பிடவே நேரம் இருக்காது. அதனால் இதை முன்கூட்டித் தடுப்பதைத் தவிர வழியில்லை. மழைக்கு முன்பு, ஆனிக்குள் தடுப்பூசி. முதல் தடவை போடும் ஆட்டுக்கு இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொன்று. 1932-லிருந்து இராணிப்பேட்டையில் நடக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று. முதல் மழைக்குப் பின் இரண்டு வாரம் காய்ந்த தாளைத் தின்னக் கொடுத்துப் பாதி வயிற்றோடு மேய்ச்சலுக்கு விடுங்கள்.

மழையின் இரண்டாவது எதிரி வயிற்றுப்புழு. ரத்தம் குடிக்கிற ஒரு புழு செம்மறியின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்குமேல் போடும். புழுக்கையோடு வெளிவந்து, ஈரத்தில் பொரித்து, பனித்துளியோடு புல்நுனிக்கு ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால் மழைக்காலத்தில் பனி உலர்ந்தபின் பட்டியைத் திறங்கள். ஆட்டின் கீழ்க்கண்ணிமையை இழுத்துப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் நலம், வெளிறி இருந்தால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. தாடைக்கடியில் பைபோல நீர் தொங்கினால் தாமதம் கூடாது. தென்னாப்பிரிக்காவில் இந்தக் கண்ணிமை நிறத்தையே ஐந்து படியாகப் பிரித்து அட்டை அடித்து மேய்ப்பர்களிடம் கொடுத்தார்கள். வெளிறியதற்கு மட்டும் மருந்து கொடுப்பது அதன் நோக்கம். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஒரே மருந்தை ஊற்றினால், மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சிப் பட்டி முழுக்க அதுவே பரவும்.

கே: ஐப்பசி, கார்த்திகையில் வாய் வீங்கி, மூக்கு ஒழுகி, நொண்டுகின்றன. கோமாரியா? — மொரப்பூர்

ப: நீலநாக்காக இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர் பார்த்து முடிவு சொல்லட்டும். கொசுவைவிடச் சிறிய ஒரு கடிப்பூச்சி மூலம் பரவும் நோய் அது, வடகிழக்குப் பருவமழையின் சேறும் தேங்கிய நீரும் அந்தப் பூச்சிக்குத் தொட்டில். ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மூச்சால் தொற்றாது. ஆகவே பட்டித்தரையை மேடாக்கிச் சேறில்லாமல் வைப்பதே பாதி மருத்துவம். பொழுது சாயும் நேரத்தில் வேப்பிலை, நொச்சி போட்டுப் புகை மூட்டுங்கள். நோய் கண்ட ஆட்டுக்கு வாய் புண்ணாகி மெல்ல முடியாது, கேழ்வரகுக் கூழ் கரைத்து ஊட்டுங்கள். பலது செத்துப்போவது நோயால் அல்ல, பட்டினியால். ஐந்து வகை வைரஸுக்குச் சேர்த்து ஒரே ஊசியாக 2015-ல் இந்தியாவில் தடுப்பூசி வந்துவிட்டது.

கே: ஆட்டுக்கொல்லி நோய் வெள்ளாட்டுக்குத்தானே? — ஏரியூர்

ப: இல்லை, செம்மறிக்கும்தான். இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டதே நம் தமிழ்நாட்டில், விழுப்புரம் பக்கம் அரசூர் கிராமத்தில், 1987-ல், அதுவும் செம்மறிகளில். அந்த ஊரில் எடுத்த வைரஸிலிருந்தே நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தடுப்பூசியும் செய்தது. அந்த ஊசிக்கு அரசூர் பெயரே நிற்கிறது. ஒரு தடவை போட்டால் மூன்று வருஷம் காக்கும். 2030-க்குள் உலகத்திலிருந்தே இந்நோயை ஒழிக்க வேண்டும் என்று பல நாடுகள் சேர்ந்து இலக்கு வைத்திருக்கின்றன. ஏரியூர் பட்டி அதற்குக் குறுக்கே நிற்க வேண்டாம்.

கே: குச்சிக்கிழங்குத் தழை மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா? — பாப்பாரப்பட்டி

ப: பச்சையாகப் போடாதீர்கள். அதில் சயனைடு நஞ்சு உண்டு. இரண்டு நாள் வெயிலில் நன்றாக உலர்த்தினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும், பிறகு மற்றத் தீவனத்தோடு கலந்து கொடுக்கலாம். சேகோ ஆலைத் திப்பியும் நல்ல மாவுச்சத்து, ஆனால் ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு புளித்துவிடும், கைப்பிடியிலிருந்து தொடங்குங்கள். பொங்கலன்று பாசத்தோடு ஆட்டுக்குச் சோற்றைக் குவிப்பதும் இதே ஆபத்துதான்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு வரம் இருக்கிறது: பட்டுப்புழு. புழு தின்று மிஞ்சிய மல்பெரி இலையும் தண்டும் செம்மறிக்கு அமிர்தம், புரதம் நிறைந்தது. மல்பெரித் தோட்டம் வைத்த பக்கத்து வீட்டுக்காரரிடம் நட்பாக இருங்கள், ஆனால் அவர் தோட்டத்தில் மருந்தடித்த நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். அரளி பயிரிடும் தோட்டம் பக்கம் மட்டும் ஆட்டை விடவே கூடாது, ஒரு கை இலையே உயிரை எடுத்துவிடும்.

இன்னொன்று. மாட்டுக்கு வாங்கிய தாது உப்பைச் செம்மறிக்குப் பகிர வேண்டாம். மாடு தாங்குகிற தாமிரத்தைச் செம்மறியின் கல்லீரல் தாங்காது. செம்மறிக்கென்றே தனிக்கலவை கிடைக்கிறது.

கே: எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு. பிள்ளைகளுக்குப் பல் கறையானது. ஆட்டுக்கும் வருமா? — பென்னாகரம் வட்டத்திலிருந்து ஒரு தாய்

ப: வரும் அம்மா. பிள்ளைகளுக்காக ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு வந்து, 2013 முதல் காவிரித் தண்ணீர் நம் மாவட்டத்துக்கு ஓடுகிறது. பட்டிக்கு அந்தக் குழாய் போவதில்லை. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் குடிக்கிற தண்ணீர்தான் அதிகம் கெடுக்கிறது, ஆகவே முதல் இரண்டு வருஷத்து ஆடுகளைக் காப்பாற்றினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரைமழையைத் தொட்டியில் பிடித்து வைத்துக் குட்டிகளுக்கு மட்டும் ஊற்றுங்கள், மற்ற நாளில் ஏரித் தண்ணீர். கறுத்துத் தேய்ந்த பல்லால் ஆடு புல்லைக் கடிக்க முடியாமல் மெலியும். அதை நோய் என்று நினைத்து ஊசிக்குச் செலவழிப்பவர்கள் முதலில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

கே: சித்திரை வெயிலில் ஆடுகள் தலையை ஒன்றுக்கடியில் ஒன்று விட்டு நின்றுவிடுகின்றன, மேயவே மாட்டேன் என்கின்றன. — தீர்த்தமலை

ப: அது புத்திசாலித்தனம். ஒன்றின் நிழலில் இன்னொன்று தலையை மறைத்துக்கொள்கிறது. நீங்களும் அதற்கு இணங்குங்கள். விடியலில் விட்டுப் பத்து மணிக்குப் புளியமர நிழலில் மடக்குங்கள், நாலு மணிக்குமேல் மறுபடி விட்டு இருட்டும்வரை மேய்க்கலாம். தண்ணீர் இரண்டு வேளை போதாது.

கே: எங்கள் பக்கம் கறுப்புச் செம்மறி இருந்தது, முடி கத்தரித்துக் கம்பளி நெய்தார்கள். அது என்ன இனம்? — அரூர்

ப: திருச்சி கருங்குறும்பை. பெயரில் திருச்சி இருந்தாலும் பெரம்பலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை வழியாக நம் தர்மபுரி வரை பரவிய இனம். முழுக் கறுப்பு, கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை முடி கத்தரித்து, குறும்பர் மக்கள் நூற்று நெய்த முரட்டுக் கம்பளியைப் போர்த்தித்தான் நம் தாத்தாக்கள் மார்கழிக் காவலுக்குப் போனார்கள். மலிவான செயற்கைப் போர்வை வந்ததும் முடிக்கு விலை போனது. முடிக்கு விலை போனதும் ஆடும் குறைந்தது. உங்கள் ஊரில் பத்துக் கறுப்பாடாவது மிஞ்சியிருந்தால் விற்றுவிடாதீர்கள், கிடாவை மட்டும் கலக்காமல் பாருங்கள். கர்நாலில் 1984-லிருந்து இருக்கும் தேசிய விலங்கு மரபுவள அமைப்பு இனங்களைப் பதிவேட்டில் ஏற்றுகிறது. ஆனால் இனம் உயிரோடு இருப்பது உங்கள் பட்டியில்தான்.

கே: மேச்சேரித் தோலுக்கு மட்டும் ஏன் மவுசு? — தர்மபுரி

ப: கம்பளி ஆட்டின் தோலில் மயிர்க்கால்கள் நெருக்கமாக இருந்து தோலைத் தளர்த்திவிடும். முடி ஆட்டின் தோல் அடர்த்தியாக, இறுக்கமாக இருக்கும். அதிலும் மேச்சேரித் தோல் முதல் தரம் என்று தோல் வணிகர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள். முள்வேலியில் கிழிந்த கோடும், உண்ணி கடித்த தழும்பும், வைத்தியம் என்று போட்ட சூடும் அந்தத் தரத்தைக் கெடுக்கும். சூடு போடுவதை விட்டுவிடுங்கள், அது ஆட்டுக்கும் வலி.

கே: எப்போது விற்றால் நல்ல விலை? — நல்லம்பள்ளி

ப: ஆடிப் பண்டிகை, தீபாவளி, பொங்கல் கரிநாள், குலதெய்வக் கெடாவெட்டு நடக்கும் மாசி, பங்குனி. பக்ரீத் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும், ஆகவே அதற்குக் குறையில்லாத ஓராண்டுக் கிடா வேண்டுமென்றால் இரண்டு வருஷம் முன்பே நாள்காட்டி பார்க்க வேண்டும். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். பேசட்டும். நீங்கள் வீட்டிலேயே தொங்கு தராசில் எடை போட்டு, எண்ணை மனசில் வைத்துக்கொண்டு விரலை நீட்டுங்கள்.

நல்ல பெட்டைக் குட்டியை மட்டும் எந்தப் பண்டிகைக்கும் கொடுக்காதீர்கள்.

கே: கொல்லையில் கிடை போட ஆளைக் கூப்பிடுகிறேன், இருபது ஆட்டால் என்ன ஆகும் என்று சிரிக்கிறார்கள். — கம்பைநல்லூர்

ப: அவர்கள் பெரிய மந்தைக் கணக்கில் சிரிக்கிறார்கள். இருபது ஆட்டை நகர்த்தும் பட்டியில் அடைத்து, இரண்டு நாளைக்கு ஒரு தடவை இடம் மாற்றி, வைகாசி முழுக்க உங்கள் கொல்லையிலேயே சுற்றி வாருங்கள். புழுக்கையோடு மூத்திரமும் மண்ணில் இறங்கும். வண்டியில் அள்ளிக் கொட்டும் எருவில் மூத்திரச் சத்து வருவதில்லை. அடுத்த மழைக்கு அந்த இடத்துக் கேழ்வரகைப் பார்த்துவிட்டு அவர்களே வந்து கேட்பார்கள்.

கே: இரண்டு தடவை தெருநாய்கள் பட்டியில் புகுந்துவிட்டன. மனசு விட்டுப்போயிற்று. — இண்டூர்

ப: உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ராத்திரியில் செத்துக் கிடக்கும் ஆட்டை எண்ணிப் பார்ப்பது எந்தக் கணக்கிலும் வராத வலி. ஆறடி உயரத்துக்கு வலை, அடியில் ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்து, மேலே வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். செத்த ஆட்டையும் நஞ்சுக்கொடியையும் ஆழப் புதையுங்கள், வெளியே எறிவதுதான் நாயை அழைக்கிறது. இழப்பீட்டுக்கு உடனே கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்கிக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். நாய்க் கட்டுப்பாட்டுக்கு ஊராட்சியைக் கூட்டமாகப் போய்க் கேளுங்கள். தனியாளாகப் போனால் மனு, பத்துப் பட்டிக்காரர் போனால் ஊர்ப் பிரச்சினை.

கே: பட்டம் படித்தேன். ஆடு மேய்க்கிறேன் என்றால் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்துபோகிறார்கள். — அரூர் பக்கத்திலிருந்து ஒரு தங்கை

ப: எழுந்து போனவர்கள் போகட்டும் தங்கச்சி. 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா ஆடு கொடுக்கத் தொடங்கியபோது ஏழைக் குடும்பத்துக்கு நாலு ஆடு என்று பெண்கள் பெயரில்தான் கொடுத்தது. நீ படித்ததால் ஒன்று செய்ய முடியும்: நோட்டுப் போடு. எந்தப் பெட்டை எந்த நாளில் சேர்ந்தது, எந்தக் குட்டி எத்தனை கிலோ, எதற்கு எப்போது ஊசி. மேச்சேரியில் எந்தத் தாய் உயர்ந்தது என்று மூன்று வருஷத்தில் உன் நோட்டே சொல்லும், பக்கத்துப் பட்டிக்காரர்கள் கிடாக்குட்டி கேட்டு உன்னிடம்தான் வருவார்கள். தர்மபுரியிலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும், பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன, இரண்டிலும் போய்ப் பெயரைக் கொடு.

கே: பல வருஷம் குட்டி கொடுத்த கிழட்டுப் பெட்டையை விற்க மனசில்லை. — பாலக்கோடு

ப: வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டை. மந்தைக்கு வழி தெரிந்தது அதுதான், மேய்ச்சலும் தண்ணீரும் எங்கே என்று இளம் ஆடுகளுக்குக் காட்டுவது அதுதான். ஆனால் பல் உதிர்ந்து மடிவற்றியபின் கிடாவோடு விடாதீர்கள், சினை அதைக் கொன்றுவிடும்.

கே: இது ஆனி மாதம். இப்போது ஒரே ஒரு வேலை செய்ய வேண்டுமென்றால் எதைச் செய்வது? — ஒட்டப்பட்டி

ப: ஒன்று போதாது, மூன்று. துள்ளுமாரி ஊசிக்குக் கால்நடை மருந்தகத்தில் இந்த வாரமே ஆட்டின் எண்ணிக்கையை எழுதிக் கொடுங்கள். பட்டித்தரைக்கு நாலு வண்டி செம்மண் அடித்து மேடாக்குங்கள். ஆவணிக்குக் கிடா இல்லையென்றால் இப்போதே பொட்டனேரிக்குக் கிளம்புங்கள். போகும்போது உங்கள் பெட்டைகளின் எடையைக் குறித்துக்கொண்டு போங்கள், அங்கே அதைத்தான் முதலில் கேட்பார்கள்.